மூன்று போர்வைக்குள் முந்நூற்றைம்பது குதிரை

பொருள் வாங்குகிறவர்களில் வாங்கி அனுபவிக்கிறவர்கள், வாங்கிவிட்டு வருத்தப்படுகிறவர்கள் என்று இரண்டு ரகம்தான் உண்டு என நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், மூன்றாவது ரகத்தின் பக்கத்து இருக்கையில் நீங்கள் இதுவரை உட்கார்ந்ததில்லை என்று அர்த்தம். கொடுத்து வைத்தவர். மூன்றாவது ரகம், வாங்கிப் பாதுகாக்கிறவர்கள். ஒரு பொருளை இவர்கள் வாங்குவது, அது இனிமேல் கிடைக்காது என்பதற்காக. வாங்கியபின் தொடாமல் இருப்பது, அது இனிமேல் கிடைக்காது என்பதற்காக. வழியில் போகிறவர்களைப் பிடித்து நிறுத்திப் புலம்புவதும் அது இனிமேல் கிடைக்காது என்பதற்காகவேதான். அது இப்போது கிடைத்திருக்கிறதே என்று மட்டும் இவர்களிடம் கேட்டுவிடாதீர்கள். அன்றைய பொழுது போய்விடும்.

இந்த இனத்தில் முதல் தரமான ஒரு மாதிரியை உங்களுக்குக் காட்டுகிறேன். பொய்ப்பல் செய்வது தொழில். ஐம்பதை நெருங்கும் வயது. எதற்கெடுத்தாலும் 'பத்திரம், பத்திரம்' என்று சொல்வதால் மைத்துனர் ஒருநாள் விளையாட்டாக அவரைப் பத்திரம் என்று கூப்பிட்டுவைக்க, அதுவே நிலைத்துவிட்டது. அவர் வீட்டுக் கொட்டகையில் ஒரு கார் இருக்கிறது. இருக்கிறது என்பதுதான் அதைப் பற்றிச் சரியாகச் சொல்லக்கூடிய ஒரே வினைச்சொல். தாழ்வான, அகலமான, ஆரஞ்சு நிறமான, முந்நூற்றைம்பது குதிரைத் திறன் கொண்ட பந்தய ஜாதிக் கார். பின்சக்கரங்கள் தள்ள, டர்போ மூச்சடைக்க ஓடக்கூடியது. அதன்மேல் முதலில் பஞ்சுத் துணிப் போர்வை, அதற்கு மேல் மழை உறை, அதற்கும் மேல் ஒரு பழைய படுக்கை விரிப்பு. சக்கரங்களுக்குக் கீழே கம்பளித் துண்டு. எலி வராமலிருக்க நான்கு மூலையிலும் பாச்சை உருண்டை. ஆறு வருடத்தில் அது ஓடிய தூரம், வாங்கிய கடையிலிருந்து வீடு வரைக்கும்.

ஓட்டாமல் எப்படிப் பராமரிப்பது என்று கேட்கிறீர்களா? அதற்கு ஒரு நடைமுறை உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போர்வைகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் துடைத்துக்கொண்டு ஏறி, எஞ்சினைச் சரியாக ஏழு நிமிடம் உறுமவிடுவார். டயர் ஒரே இடத்தில் அழுந்திவிடக் கூடாது என்று அரை அடி முன்னால் நகர்த்துவார். அடுத்த ஞாயிறு அரை அடி பின்னால். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, மனைவியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, கியரை மாற்றி மாற்றிப் போட்டபடி வாயாலேயே ஓட்டுவார். "ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்... ப்ஷ்ஷ்! கேட்டியா? இதுதான் டர்போ." அந்த அம்மாள் பக்கத்து இருக்கையில் பட்டாணி உரித்துக்கொண்டிருப்பார்.

"ஒரே ஒரு தடவை நிஜமா போயிட்டு வரலாமே" என்று அந்த அம்மாள் ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"போகலாம், போகலாம். நல்ல நாளா வரட்டும். இதுக்கு மேல இப்படி ஒண்ணு வராதும்மா."

டர்போ என்றால் என்னவென்று தெரியாதவர்கள் அவருடைய பட்டறைக்குப் போனால் போதும், கேட்காமலே சொல்லுவார். எஞ்சின் வெளியே விடும் மூச்சு ஒரு குட்டி விசிறியைச் சுழற்றும். அந்த விசிறி இன்னும் கொஞ்சம் காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும். மெதுவாகப் போகும்போது தூங்கும், வேகம் கூடினால் சடாரென்று விழித்து முதுகில் உதைக்கும். இதோடு பின்சக்கரம் தள்ளும் வண்டியாகவும் இருந்தால் வளைவில் வால் வெளியே போகும். இந்த இடத்தில் மேசைமேல் இருக்கும் மேல்வரிசைப் பல் செட்டை எடுத்து, மேசை விளிம்போடு சர்ரென்று பக்கவாட்டில் வழுக்கவிட்டுக் காட்டுவார். "பாத்தீங்களா, வாலை ஆட்டுது! இனிமே வர்றதெல்லாம் பேட்டரி வண்டி. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். தையல் மிஷின் சத்தம். இந்தப் பரம்பரை முடிஞ்சுபோச்சு." பல்லுக்குச் சொந்தக்காரர் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு காத்திருப்பார். வேறென்ன செய்வார்?

பட்டறைக்கு அவர் போவது பேருந்தில். அந்தப் பேருந்தை ஓட்டுவது அவருடைய மனைவி. காலை எட்டேகால் வண்டி. ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை இருக்கை அவருக்கு. அங்கே உட்கார்ந்து, திரும்பிப் பார்த்தபடி, நிற்கிறவர்கள் அத்தனை பேருக்கும் டர்போவின் மறைவைப் பற்றி இரங்கல் உரை ஆற்றிக்கொண்டே வருவார். இன்னும் சாகாத ஒன்றுக்கு இத்தனை நேரம் இரங்கல் கேட்டவர்கள் அந்தத் தடத்துப் பயணிகள்தான். அந்த அம்மாள் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பார். 

இப்படியே எல்லாம் பத்திரமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு புது விதி வந்தது. பழைய டர்போ கார்கள் எல்லாம் மாதக் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் புகைப் பரிசோதனையில் தேறவேண்டும். தேறாவிட்டால் பதிவு எண் ரத்து. அதன்பின் அந்த வண்டி சாலையில் சக்கரம் வைக்க முடியாது. இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்று இவர் விசாரித்துப் பார்த்தார். காரின் மூக்கு அவ்வளவு தாழ்வு, ஏற்றினால் கீழே உரசும் என்று சொல்லிவிட்டார்கள். ஆக, ஓட்டித்தான் ஆகவேண்டும். ஆறு கிலோமீட்டர்! இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. கடைசி நாளன்று மனைவி விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வந்தார். ஊர்வலம் புறப்பட்டது. ஊர்வலம் என்று சொல்வது மிகையல்ல. வழியில் ஒன்பது வேகத்தடைகள், ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மாள் இறங்கி முன்னால் நடந்து குனிந்து பார்த்து, "வரலாம், வரலாம், ஆ, நில்லுங்க, வரலாம்" என்று கையசைக்க, பின்னால் வந்தவர்கள் ஹாரனிலேயே திட்டித் தீர்க்க, ஒரு சைக்கிள்காரர் இவர்களை இரண்டு முறை தாண்டிப் போனார். நடுவில் நின்று யாரிடமோ பேசியிருப்பார் போலிருக்கிறது.

பரிசோதனை நிலையத்தில், காதில் பென்சில் செருகிய ஒரு பரிசோதகர் புகைக்குழாயில் கருவியைச் செருகி, எஞ்சினைக் கொஞ்சம் முடுக்கினார். கருப்பாக ஒரு கொத்து வந்தது. கருவியின் முள் சிவப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

"வண்டிய ஓட்டறீங்களா சார், இல்ல சும்மா பாத்துட்டே இருக்கீங்களா?"

"ரொம்பப் பத்திரமா வச்சிருக்கேன். வாராவாரம் ஏழு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி..."

"அதான் கெடுத்திருக்கீங்க. சூடே ஏறாம அணைச்சு அணைச்சு உள்ள பூரா கரி அடைஞ்சு கெடக்கு. இன்னும் ரெண்டு வருஷம் இப்படிப் பாதுகாத்தீங்கன்னா டர்போ இறுகிப்போயிடும்."

ஆறு வருடமாகத் தான் காப்பாற்றி வந்தது எதை என்று பத்திரத்துக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. முகம் செத்துவிட்டது. பரிசோதகருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். பென்சிலைக் காதிலிருந்து எடுத்துச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். மூன்றரை.

"ஒரு வழி இருக்கு. சுற்றுச்சாலைக்குப் போங்க. மூணாவது கியர், அதுக்கு மேல போடாதீங்க. எஞ்சின் சுத்து காட்டற இந்த முள்ளு அஞ்சாயிரத்துக்குக் கீழ இறங்கக் கூடாது. அரை மணி நேரம் விடாம ஓட்டி, கரிய எரிச்சுட்டு, சூடு ஆறாம அப்படியே கொண்டு வாங்க. வேக வரம்புக்குள்ளயே முடியும். ஆனா மிதிக்கணும். தடவக் கூடாது."

போனார்கள். பிற்பகல் வெயிலில் நான்கு தடங்களோடு காலியாகக் கிடந்தது சுற்றுச்சாலை. பத்திரம் மிதித்தார். முள் இரண்டாயிரம் போயிற்று, இரண்டாயிரத்து எண்ணூறு போயிற்று, உள்ளே எங்கோ அந்தக் குட்டி விசிறி மெல்ல ஊளையிட ஆரம்பித்தது. அவ்வளவுதான். வலதுகால் தானாக மேலே வந்துவிட்டது. மறுபடி மிதித்தார். மறுபடி வந்தது. மூன்றாவது முறை உதட்டைக் கடித்துக்கொண்டு முழங்காலைக் கையால் அமுக்கிப் பார்த்தார்; கால் கேட்கவில்லை. மெத்தை ஏற்றிய லாரி ஒன்று இவர்களைச் சாவகாசமாகத் தாண்டிப் போனது. மணி நாலு ஆகிவிட்டது.

"ஓரங்கட்டுங்க" என்றார் மனைவி.

"எதுக்கு?"

"நான் ஓட்டறேன்."

"விளையாடறியா? உனக்கு இது பழக்கமில்லம்மா. பின்சக்கரம் தள்ற வண்டி. டர்போ வேற. திடீர்னு ஒதைக்கும்."

அந்த அம்மாள் சீட் பெல்ட்டைக் கழற்றினார். "பன்னெண்டு வருஷமா நான் எதை ஓட்டறேன்னு நெனச்சீங்க? எஞ்சின் பின்னாடி. தள்றது பின்சக்கரம். டர்போ இருக்கு. அதோட அறுபது பேர் உள்ள இருக்காங்க. அதுல ஒருத்தர் எறங்கற வரைக்கும் பேச்ச நிறுத்தறதில்ல."

  தினமும் காலை எட்டேகாலுக்கு டர்போவும் பின்சக்கரமும் உள்ள ஒரு வண்டியில் ஏறி, அது தன்னைப் பட்டறை வாசலில் கொண்டுபோய் விடும் வரைக்கும், அந்த இனமே அழிந்துவிட்டது என்று பத்திரம் அழுதுகொண்டிருந்திருக்கிறார். இறங்கி மறுபக்கம் போய் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்ற மறந்துவிட்டார். அந்த அம்மாளோ கழற்ற நினைக்கவே இல்லை.

அடுத்த நொடி என்ன நடந்தது என்று பத்திரத்தைக் கேட்டால் இன்றைக்கும் கையை ஆட்டிக் காட்டத்தான் முடிகிறது. முள் மூவாயிரத்தைத் தாண்டியது. ஆறு வருடத் தூக்கம் கலைந்து டர்போ விழித்தது. முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ள, வயிறு மட்டும் பின்னாலேயே தங்கிவிட, புகைக்குழாய் ஒரு கருமேகத்தைத் துப்பிவிட்டுத் தொண்டையைச் சரிசெய்துகொள்ள, மெத்தை லாரி எதிரே பெரிதாகி, பக்கத்தில் வந்து, கண்ணாடியில் சின்னதாகிக் காணாமலே போனது. நூற்றுப் பத்தில் அந்த அம்மாள் காலை நிறுத்தினார். வரம்பு நூற்றிருபது. அவருக்குச் சட்டம் தெரியும்.

"பத்திரம்!" என்று கத்தினார் பத்திரம்.

கிளைச்சாலை வளைவில் வால் வெளியே போனது. பல் செட்டை வைத்து ஆயிரம் முறை காட்டிய அதே ஆட்டம். ஆனால் பல் செட்டுக்குள் இவர் உட்கார்ந்திருந்ததில்லை. ஐயோ என்று கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மாள் ஸ்டீயரிங்கை இம்மியளவு திருப்பி வாலை உள்ளே இழுத்துக்கொண்டு, "மழை நாள்ல ஆஸ்பத்திரி ரவுண்டானாவுல நம்ம பஸ் இதைவிட ஆடும்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். தொண்டையைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருடமாயிற்று என்று பத்திரத்துக்கு நினைவில்லை. அவருக்கும் சிரிப்பு வந்தது, ஒரு விக்கலாக. இரண்டாவது சுற்றில் ஜன்னலை இறக்கினார். மூன்றாவது சுற்றில், "இன்னும்! இன்னும் மிதி!" என்று டாஷ்போர்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அடுத்த மாசம் எங்க டிப்போவுக்கும் பேட்டரி பஸ் வருது" என்றார் அந்த அம்மாள், சத்தத்துக்கு மேல் சத்தமாக.

"ஐயையோ! அப்ப உன் பஸ்ஸு?"

"போகுது. எனக்கு நல்லதுதான், தோள் வலிக்காது. அதை அடுத்த மாசம் பாத்துக்கலாம், இப்ப ரோடு காலியா இருக்கு!"

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கார் பரிசோதனை நிலையத்துக்குள் நுழைந்தது. பரிசோதகர் கருவியைச் செருகினார். முள் பச்சையில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தது. "யார் ஓட்டினது?" என்றார். பத்திரம் மனைவியைக் காட்டினார். "சாரை இனிமே பக்கத்துலயே உக்காரச் சொல்லுங்க மேடம்" என்று சொல்லி முத்திரையைக் குத்தினார்.

வீட்டுக்கு வரும் வழியில், வேகத்தடைகளை அந்த அம்மாள் காரைக் கோணலாகத் திருப்பி அலட்டாமல் தாண்டிக்கொண்டிருந்தபோது, பத்திரம் சொன்னார்: "வண்டி வீணாயிடும்னு இல்லம்மா. எனக்கு பயம். வாங்கின அன்னிக்கு கடையிலிருந்து வரும்போதே கை நடுங்குச்சு."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"நீங்க அதை அவ்வளவு பத்திரமா வச்சிருந்தீங்க."

மறுநாள் எட்டேகால் பேருந்தில் அவர் வழக்கம்போலத் திரும்பி உட்கார்ந்து, ஓட்டாமல் வைத்திருந்தால் எந்த வண்டியும் செத்துப்போகும், மனிதன் இன்றைக்கே மிதித்துவிட வேண்டும் என்று, தானே கண்டுபிடித்த உண்மையைப் போல அறுபது பேருக்கும் உபதேசம் செய்தார். முந்தின நாள் வாங்கிய பரிசோதனைச் சான்றிதழைக் காட்டுங்கள் என்றார் ஒருவர். அது முடியாது என்று சொல்லிவிட்டார். அதை மூன்று உறைக்குள் போட்டு இரும்புப் பீரோவில் பூட்டி வைத்தாயிற்று.

நீங்கள் இந்த இனமில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்கிறது. சந்தோஷம். டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டது உங்கள் வீட்டில் வேறு யாரோ. விசேஷத்துக்கென்று எடுத்துவைத்து, விசேஷம் வந்தபோது இதைவிடப் பெரிய விசேஷத்துக்கு என்று மறுபடி உள்ளே வைத்த சட்டை, குண்டூசிகூட எடுக்காமல், வேறு யாருடைய அலமாரியிலோ இருக்கிறது. நல்லது. ஆனால் உங்களுக்கு மிகவும் பிடித்த ஒன்று, நல்ல நாள் வரட்டும் என்று நீங்கள் தொடாமல் வைத்திருக்கும் ஒன்று, இப்போது மனதில் வந்து போனதல்லவா? அதைப் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறீர்கள் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். உங்களுக்குக் கை நடுங்கியதை அவர்களும் அன்றைக்கே பார்த்துவிட்டார்கள்.