ராஜாராமன் சொன்ன சரி

டில்லி மயூர் விஹார் ராஜாராமன் முப்பது வருஷமாக மத்திய சர்க்கார் ஃபைல்களில் ஒற்றை வார்த்தைக் குறிப்பு எழுதுகிறவர். வார்த்தையைச் செலவழிக்க மனசு வராது. பேரன் பிறந்திருக்கிறான் என்று யாராவது போட்டோ அனுப்பினால் ‘பார்த்தேன்’ என்று போடுவார். பெரியம்மா போய்விட்டாள் என்றால் ‘தெரிந்துகொண்டேன்’. மனைவி கோமளாவின் பிறந்த வீட்டில் அவருக்குக் கல்நெஞ்சக்காரர் என்று பெயர். அவருக்கு அதில் பரம திருப்தி. அந்தப் பெயரால்தான் பத்து வருஷமாக ஒருத்தரும் வந்து தங்கவில்லை.

இந்த டிசம்பரில் பத்து நாள் லீவு வாங்கியிருந்தார். பால்கனி வெயிலில் நாற்காலி போட்டுச் சும்மா உட்கார வேண்டும். சர்வீஸிலேயே அவர் ஆசைப்பட்ட ஒரே சுகம் அதுதான். அப்போது பார்த்துக் கோமளாவின் அண்ணா பாலசுப்ரமணியம், திருச்சியிலிருந்து குடும்பத்தோடு டில்லி வரலாமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டார்.

‘குளிர்’ என்று பதில் போட்டார் ராஜாராமன்.

“உங்க பதிலைப் பாத்துட்டு அண்ணா சாப்பிடாம உக்காந்திருக்காராம்” என்றாள் கோமளா. “ரெண்டு வரி நன்னா எழுதினா விரல் தேஞ்சா போயிடும்?”

“எழுத வராது.”

“அப்ப நான் எழுதறேன். நீங்க பாத்து சரி சொல்லுங்கோ. உங்க ஃபோன்லேர்ந்தே அனுப்பிடறேன்.”

இது அவருக்குப் பழகிய முறை. ஆபீஸில் கீழே இருப்பவர்கள் எழுதுவார்கள். அவர் முதல் வரியைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். இரண்டாவது வரிக்குப் போன சரித்திரம் கிடையாது. கோமளா நீட்டிய கடிதத்தின் முதல் வரியில், சுருக்கமாக எழுதி மனம் நோகடித்ததற்கு மன்னிப்பு இருந்தது. மன்னிப்புதானே, காசா பணமா.

“சரி” என்றார்.

மறுநாள் மச்சினர் ஆறு ரயில் டிக்கெட்டைப் படமெடுத்து அனுப்பினார். ராஜாராமன் நேற்று அனுப்பிய கடிதத்தைத் திறந்தார். இரண்டாவது வரிக்குப் போனார். பத்து நாளும் தங்கியே ஆகவேண்டும், அதற்காகவே லீவு போட்டிருக்கிறேன், ஆக்ராவுக்கும் ஹரித்வாருக்கும் நானே கூட்டிப் போகிறேன் என்று உருகியிருந்தார். ஹரித்வாருக்கு மேல் படிக்கத் தெம்பில்லை. ஆயுசிலேயே முதல் தடவையாக நீளமாக எழுதினார்: வீட்டில் இடமில்லை, குழாயில் தண்ணீர் இல்லை, ஆக்ராவில் பனிமூட்டம், தயவுசெய்து வரவேண்டாம்.

பதில் உடனே வந்தது.

“மாப்ளே, ஆபீஸ் தொல்லையில வரவேண்டாம்னு ஏதாவது எழுதினாலும் காதுல போட்டுக்காம கிளம்பி வாங்கோன்னு கடைசி வரியில நீங்களே எழுதியிருக்கேள். இவ்வளவு தொல்லையா உங்களுக்கு? இன்னும் பத்து நாள் கூட இருந்து பாத்துக்கறோம்.”