கரி பஸ் கிளம்பிய விதம்

சேசு மரி சூசை துணை
பெரம்பலூர், ஜூன் 1944

மரியாதைக்குரிய மைத்துனர் பாக்கியராஜ் அவர்களுக்கு, சின்னப்பராஜ் தோத்திரத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உங்கள் தங்கை அற்புதம்மாளும் சேமம். மகள் புஷ்பமும் சேமந்தான், முகம் மட்டும் சரியில்லை.

புஷ்பத்துக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பட்டணத்து என்ஜினீயரிங் காலேஜில் நீங்கள் அலைந்து வாங்கிக்கொடுத்த இடத்தை உடனே ரத்து செய்துவிடவும். அத்தனை பையன்களுக்கு நடுவில் ஒற்றைப் பெண்ணாக அவள் உட்காருவதை நினைத்து எனக்குத் தூக்கமே போயிற்று. இனிமேல்தான் தூங்க வேண்டும்.

நேற்று அரியலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து, பெண் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்க, கணக்கும் பௌதிகமும் என்றால் எழுந்து போய்விடுவார்களோ என்று பயந்து, தையலும் செபமும் என்று சொல்லிவைத்தேன், அவளும் தலை குனிந்து காபி கொடுத்தாள், வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு அவர்கள் ஊர் திரும்பப் போனால், எங்கள் வாசலுக்கு எதிரே நின்ற கரி பஸ் கிளம்ப மாட்டேன் என்கிறது. யுத்தத்தில் பெட்ரோல் போனதிலிருந்து பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி ஓட்டுகிறார்களே, அதற்குக் காற்றடித்து டிரைவர் தங்கசாமிக்குக் கை ஓய்ந்தது, சம்பந்தி சரிகை அங்கவஸ்திரத்தோடு தள்ளினார், நானும் தள்ளினேன், என் வேட்டி கிழிந்ததுதான் மிச்சம், தங்கசாமி தண்ணீர் கேட்டு வீட்டுக்குள் வந்தான், செம்பை நீட்டிய புஷ்பம் மெள்ளச் சொல்கிறாள்: "காத்தடிச்சுப் பிரயோசனம் இல்லண்ணே. வடிகட்டியில சாம்பல் அடைச்சிருக்கும். கழட்டித் தட்டிட்டு மாட்டுங்க."

எனக்கு உயிரே போய்விட்டது. நல்ல வேளை, சம்பந்தி காதில் விழவில்லை. தங்கசாமி போய்த் தட்டி மாட்டினான், வண்டி உறுமிற்று. சம்பந்தி அவன் தோளில் தட்டி, "ஏம்ப்பா, நீயெல்லாம் என்ஜினீயரிங் காலேஜ்ல இருக்க வேண்டிய ஆளு" என்றார். தங்கசாமி எங்கள் வாசலைப் பார்த்தான். நான் கண்ணைக் காட்டினேன், வாயை மூடிக்கொண்டு ஏறிவிட்டான். பொய் பிழைத்தது, நானும் பிழைத்தேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர். பட்டணத்தில் குண்டு விழாமல் மாதா உங்களைக் காப்பாளாக.

இப்படிக்கு,
சின்னப்பராஜ்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சோறு போட்டுக்கொண்டே புஷ்பம், "தங்கசாமி அண்ணனுக்கு எப்பப்பா காலேஜ் தொறக்குது?" என்று கேட்டாள். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டு மறுபடி பேனாவை எடுத்தேன்.

இடத்தை ரத்து செய்ய வேண்டாம். உள்ளதை உள்ளபடி சம்பந்திக்கும் எழுதிவிட்டேன். இஷ்டமிருந்தால் படிப்பு முடியும்வரை காத்திருக்கட்டும். இப்போதுதான் எனக்கு நிஜமாகவே மூச்சு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதே பஸ்ஸில் அரியலூர் போய்ப் பட்டணத்துக்கு ரயில் ஏறுகிறோம். வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று உங்கள் தங்கை கவலைப்படுகிறாள். நின்றால் நிற்கட்டும், புஷ்பம் இருக்கிறாள்.