மைதானத்தில் கத்திச் சொன்ன வயது

ராணுவ அதிகாரியாவதற்கு ஒரு வயது எல்லை உண்டு. எங்கள் ரப்பர் தோட்டத்தில் கல்யாணப் பெண்ணுக்கும் ஒன்று உண்டு. முதலாவதைத் தாண்டினால் மரியாதையாகக் கடிதம் போட்டுச் சொல்லுவார்கள். இரண்டாவதைத் தாண்டினால் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியில் வைத்துச் சொல்லுவார்கள்.

இரண்டாவதை நான் தாண்டி நின்றபோது எனக்கு வயது இருபத்தாறு. மாமா ஒருவர் அதை இருபத்திரண்டு என்று சொல்லி, ருவான்வெல்லை பஜாரில் தையல் கடை வைத்திருந்தவருக்கு என்னைக் கட்டி வைத்தார். மாப்பிள்ளைக்கு இருபத்து நாலு. பதிவுக்காரர் நீட்டிய இடத்தில் அவர் எதையும் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். (பொண்ணு அவ்வளவு அழகு என்று நான் சொல்வேன். பந்தியில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது என்று அவர் சொல்வார்.)

எட்டு வருசம் அந்தப் பொய்யைக் காப்பாற்றியது என் கட்டைவிரல்தான். சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கேகாலைக்குப் போனாலும் வழியில் பஸ்ஸை நிறுத்தி, தமிழாட்களை இறக்கி, அடையாள அட்டை கேட்பார்கள். அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்ணும் பிறந்த வருசம். அதன்மேல் விரலை வைத்தபடியே நீட்டுவேன். ஆமிக்காரன் பிடுங்கிப் பார்ப்பான். வீட்டுக்காரர் பார்க்கமாட்டார். எனக்கு அது போதும்.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர். ஒரு விளையாட்டுப் போட்டியில் டவுன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கெடெட் என்ற மாணவர் படை உடுப்பில் சப்பாத்துச் சத்தத்தோடு அணிவகுத்துப் போனதை எங்கள் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். அடுத்த நாள் முதல் இடைவேளையில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு லெஃப்ட் ரைட் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். தங்களுக்கும் ஓர் அணி வேண்டும் என்று கேட்டார்கள்.

பள்ளிக்கூட அதிபர் கையை விரித்தார். "பொம்பளப் பிள்ளைங்க அணிக்கு அதிகாரியா ஒரு டீச்சர் வேணும். பயிற்சி முடிச்சா தோள்ல நட்சத்திரம் வைப்பாங்க, ஆமியில நெசமான பதவி. ஆனா முப்பத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கணும். பெரிய டீச்சர் பென்சனுக்குக் காத்திருக்கிறாங்க. நீங்க போனா அணி உண்டு. இல்லாட்டி இல்ல."

எனக்கு அடுத்த மாதம் முப்பத்தைந்து.

"ஒனக்கு இன்னும் அஞ்சு வருசம் இருக்கே, இப்ப என்ன அவசரம்?" என்று கேட்டார் வீட்டுக்காரர். பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டேன்.

பால்வெட்டிவிட்டு வந்த அம்மா வாளியைக்கூட இறக்கி வைக்கவில்லை. "ஏண்டி, அவனுங்க ஐசி அட்டை கேட்டாலே நமக்குக் கை நடுங்குது. நீ அவனுங்க உடுப்பையே போடப் போறியா?"

"அதனாலதாம்மா போடப் போறேன்" என்றேன். (வீரமாகத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு அம்மா முகத்தைப் பார்க்காமல் வாளியை வாங்கி இறக்கி வைத்தேன்.)

தேர்வு கேகாலையில். வீட்டுக்காரர் கடையைப் பூட்டிவிட்டு, பிளேன்டீப் போத்தலும் வாழைப்பழச் சீப்புமாகத் துணைக்கு வந்தார். வந்திருந்தவர்கள் எல்லாரும் சின்னப் பெண்கள். யாரோ ஒருத்தியின் அம்மா என்று நினைத்து ஒரு பிள்ளை எழுந்து எனக்கு இடம் கொடுத்தது. ஓட்டத்தில் கடைசியாக வந்தேன். எனக்காக அடுத்த குழுவைக் கொஞ்சநேரம் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

அதன் பிறகு குரல் சோதனை. மைதானத்தின் நடுவில் நின்று பெயர், பள்ளிக்கூடம், வயது மூன்றையும் கத்திச் சொல்ல வேண்டும். அந்தக் கோடியில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் மேஜருக்குக் கேட்க வேண்டும். மேஜருக்குப் பின்னால்தான் மர நிழலில் துணைக்கு வந்தவர்கள் இருந்தார்கள். மேஜருக்குக் கேட்டால் என் வீட்டுக்காரருக்கும் கேட்கும்.

பெயரைக் கத்தினேன். பள்ளிக்கூடத்தைக் கத்தினேன். வயதை விழுங்கிவிட்டேன்.

"ஹய்யென்!" என்றார் பக்கத்தில் நின்ற சார்ஜன்ட். பலமாகச் சொல் என்று அர்த்தம். இரண்டாம் தடவையும் வயது தொண்டையைத் தாண்டவில்லை. இப்படிக் குரல் இறங்கினால் அணியை எப்படி நடத்துவாய், இதுதான் கடைசித் தடவை என்று சார்ஜன்ட் சிங்களத்தில் சொல்லிவிட்டார்.

அப்போது பார்த்து என் மனுசன் எழுந்து நின்றார். பொண்டாட்டி பயந்துபோய் நிற்கிறாள் என்று நினைத்து, இரண்டு கையையும் வாயருகில் குவித்து, "பயப்படாத! வயசத்தானே கேக்குறாங்க, சத்தமாச் சொல்லு!" என்றார்.

வெறுங்காலோடு லெஃப்ட் ரைட் போட்ட பிள்ளைகளை நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். மலையில் அந்தப் பக்கம் பால்வெட்டும் அம்மாவை இந்தப் பக்கம் இருந்து கூப்பிட்டு வளர்ந்த தொண்டை இது.

"திஸ் ஹதரய், சேர்!"

முப்பத்து நாலு! மரத்திலிருந்த காக்கை எல்லாம் கிளம்பிவிட்டன. "ஹொந்தய்" என்று மேஜர் தலையை ஆட்டினார். நல்லது என்று அர்த்தம். அவருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் பாதி உரித்த வாழைப்பழத்தோடு அப்படியே நின்றார். ஓட்டத்தில் கடைசி, வயதில் மூத்தவள், ஆனால் குரலில் முதலாவது என்று என் பெயரை வாசித்தார்கள்.

திரும்பும் வழியில் வழக்கம்போல் பஸ்ஸை நிறுத்தி இறக்கினார்கள். இந்தத் தடவை விரலை வைக்காமல் அட்டையை நீட்டினேன். ஆமிக்காரன் திருப்பிக் கொடுத்ததை அவர் வாங்கி, முன்னும் பின்னும் நிதானமாகப் பார்த்தார். பஸ்ஸில் ஏறியதும் பவ்வியமாக ஒதுங்கி நின்றார்.

"அக்கா, நீங்க சன்னல் பக்கம் உக்காருறீங்களா?"

அந்தச் சீட்டுக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. பஜார் நெருங்கும்போதுதான் மறுபடி வாயைத் திறந்தார். "ஆனா என்ன குரல் ஒனக்கு! நம்ம கடை வரைக்கும் கேட்டிருக்கும்."

என் உடுப்பை வேறு எந்தத் தையல்காரனும் தொட அவர் விடவில்லை. எங்கள் பிள்ளைகள் கேகாலையில் முதன்முதலாகச் சப்பாத்தோடு அணிவகுத்த நாளில், தோளில் நட்சத்திரத்தோடு அவருடன் அதே வழியில் போனேன். அதே இடத்தில் பஸ் நின்றது. ஏறிய ஆமிக்காரன் என் தோளைப் பார்த்து விறைத்து நின்று சல்யூட் அடித்தான். என்னிடம் அட்டை கேட்கவில்லை. அவரிடம் கேட்டான். கூட வரும் அதிகாரி யார் என்றும் கேட்டான்.

"மகே அக்கா" என்றார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. என் அக்கா!

நான் திருத்தவில்லை. அன்று முதல் எங்கள் வீட்டில் நான் அக்கா. தேத்தண்ணி கேட்பதென்றாலும் அக்காதான். மகள் வளர்ந்து இந்தக் கதை தெரிந்தபிறகு, கோபம் வரும்போதெல்லாம் அவரை 'மாமா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.