ஊருக்கெல்லாம் இருதயம் பார்ப்பவர்

நம் ஊர்களில் இப்போது ஒரு புது வகை மனிதர் பெருகியிருக்கிறார். இருதயக் காவலர் என்று அவருக்குப் பெயர் வைக்கலாம். அவர் காவல் காப்பது உங்கள் இருதயத்தை, என் இருதயத்தை, தேத்தண்ணிக் கடையில் வடையைக் கையில் எடுத்த எவருடைய இருதயத்தையும். விடிந்தும் விடியாததுமாக, வெள்ளைச் சப்பாத்தும் கழுத்தில் துவாயுமாக, தோணி வலிப்பவர் போல இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு வாவிக்கரை வீதியில் வருவார். உங்களைக் கண்டதும் நிற்பார். முதலில் வயிற்றைப் பார்ப்பார். பிறகுதான் முகத்தைப் பார்ப்பார். இடையில் நிற்காமல் நடப்பதுதான் இருதயத்துக்கு நல்லது என்பதை, உங்களையும் நிறுத்தி வைத்துக்கொண்டு, வெயில் ஏறும் வரைக்கும் விளக்குவார்.

ஆரையம்பதியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் யோகராசா இந்த இனத்தின் தலைமகன். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலம் முழுவதும் மாட்டிறைச்சிக் கொத்துரொட்டியும் மாலையில் பொரித்த இறாலுமாகச் சீவித்தவர். ஒரு நாள் இரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரோல் கொஞ்சம் கூட என்று வந்தது. கொஞ்சம்தான். அதற்கு வைத்தியர் சொன்னதும் கொஞ்சம்தான்: நடவுங்கள், உப்பையும் சீனியையும் குறையுங்கள், எண்ணெய்ப் பலகாரத்தை விடுங்கள், நன்றாக நித்திரை கொள்ளுங்கள். எளிய, நல்ல புத்திமதி. அதைக் கேட்டு அதன்படி பேசாமல் நடந்தவர்கள் ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். யோகராசாவுக்கு அது போதவில்லை. அவருக்குச் சீடர்கள் தேவைப்பட்டார்கள்.

கலியாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் தன் இலையைப் பார்க்கமாட்டார், பக்கத்து இலையைத்தான் பார்ப்பார். "தேங்காப்பால் கறியா? ம்ம். சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்பார். அந்த 'ம்ம்'மைக் கேட்ட பிறகு எவருக்குத் தொண்டையில் சோறு இறங்கும்? செத்த வீட்டுக்குப் போனால் பிரேதத்தைச் சுற்றி வந்து, மகனுடைய தோளைத் தொட்டு, மிக மெதுவாக, "அப்பா பொரியல் விரும்பிச் சாப்பிடுவாரோ?" என்று கேட்பார். மகன் அழுதுகொண்டே ஓம் என்று தலையாட்டினால், கூடியிருப்பவர்களை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்கு, வழக்கு முடிந்தது என்று பொருள்.

குஞ்சித்தம்பி என்று ஒரு மீன் வியாபாரி. வாவியில் வலை வைத்துவிட்டு வந்து, சந்திக் கடையில் ஒரு வடையும் பிளேன்டியும் எடுப்பது அவருடைய வழக்கம். யோகராசா அவரையும் விட்டுவைக்கவில்லை.

"குஞ்சித்தம்பி, இருதயம் எண்டா என்ன தெரியுமா? ஒரு பம்பு. வயல் வட்டைக்குத் தண்ணி இறைக்கிற மெசின் மாதிரி. அதுக்குள்ள எண்ணெயும் சேறும் போனா என்ன நடக்கும்?"

"மெசினுக்கு எண்ணெய் போடாட்டி ஓடாதே ஐயா" என்றார் குஞ்சித்தம்பி.

கடை சிரித்தது. யோகராசா சிரிக்கவில்லை. அன்று இரவே குஞ்சித்தம்பியின் கைத்தொலைபேசிக்கு, பழுதடைந்த இருதயங்களின் படங்கள் சிவப்புச் சிவப்பாக வந்து விழுந்தன. வடை நின்றதோ இல்லையோ, அந்தக் கடைக்குப் போவதைக் குஞ்சித்தம்பி நிறுத்திக்கொண்டார்.

இனி இந்தத் தவத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். அதற்குக் குசினிக்குள் போக வேண்டும்.

யோகராசாவின் மனைவி கேதீஸ்வரி. காவலருக்கு வெறும் வயிற்றில் உள்ளிப்பூண்டு இடித்து வெந்நீரில் கலந்து கொடுக்க வேண்டும். அவர் நடந்து வந்ததும் குரக்கன் பிட்டு சுடச்சுட இருக்க வேண்டும். மத்தியானம் சிவப்பரிசிச் சோறும், எண்ணெய் தொடாத கறியும், அப்போதுதான் அரிந்த வல்லாரைச் சம்பலும் வேண்டும். மிக்சியில் அரைத்தால் சத்துப் போய்விடும் என்று எங்கேயோ கேட்டுவிட்டு வந்த நாளிலிருந்து எல்லாம் அம்மியில்தான். அவர் எழும்ப முன்பே அவள் எழும்பினாள். அவர் படுத்த பின்னால் படுத்தாள். எட்டு மணித்தியால நித்திரை இருதயத்துக்கு அமிர்தம் என்று அவர் கூட்டங்களில் சொல்வார். அது உண்மைதான். யாருடைய இருதயத்துக்கு என்று எவரும் கேட்டதில்லை.

அவள் என்ன சாப்பிட்டாள்? நேற்றைய சோற்றில் மிச்சம், கருவாட்டுப் பொரியலில் ஒரு துண்டு, அடுப்படியில் நின்றபடி. அவளுடைய இரத்தத்தை யாராவது பரிசோதித்தார்களா? அவளுக்கென்ன, அவள் நன்றாகத்தானே இருக்கிறாள்.

சில மாதங்களாக அவளுக்கு மேல்மூச்சு வாங்கியது. கிணற்றடியிலிருந்து வாளியோடு வரும்போது நடுவில் நின்றுவிடுவாள். ஒரு நாள் சொன்னாள்: "இஞ்சருங்க, கொஞ்ச நாளா ஏலாம வருது. நாரி முதுகெல்லாம் உளையிது."

"வாயு" என்றார் காவலர், கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். கொழும்பிலிருக்கும் யாரோ ஒருவருடைய இருதய அடைப்பு பற்றிய குரல்பதிவை அப்போது அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்படியிருக்க உலக இருதய தினம் வந்தது. பிரதான வீதியிலிருக்கும் மண்டபத்தில் கூட்டம். சிறப்புரை, யோகராசா. அதற்காக அவர் ஒரு வாரமாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்தார். கண்ணாடிக்கும் இருதயம் இருந்திருந்தால் அது என்றைக்கோ நின்றிருக்கும்.

அன்று காலை அவருடைய வெள்ளைச் சேட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கேதீஸ்வரி, பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சருங்க. நாடி தாடையெல்லாம் உளையிது. நெஞ்சுக்குள்ள ஆரோ ஏறி இருக்கிற மாதிரிக் கிடக்கு."

"காலத்தால சாப்பிட்டியா?"

"இல்ல."

"பிறகென்ன? சாப்பிடாட்டி வாயுதான் ஏறும். இஞ்சி தட்டிப் போட்டு ஒரு பிளேன்டி குடி. சேட்டுக் கையில மடிப்பு விழுந்து கிடக்கு, அதக் கொஞ்சம் பாரு."

அவள் மடிப்பைப் பார்த்தாள். அவர் சேட்டைப் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார். அவளுடைய நெற்றி வியர்வையை அவர் பார்த்தாரா? பார்த்திருப்பார். இஸ்திரிப் பெட்டிச் சூடு என்று நினைத்திருப்பார்.

பக்கத்து வீட்டுப் புஸ்பம், வாங்கிப்போன குத்துச்சட்டி ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, கேதீஸ்வரி குசினித் தரையில் சுவரோடு சாய்ந்து இருந்தாள். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. இஞ்சி, தட்டியபடி அம்மியில் கிடந்தது.

"அக்கா! என்னகா செய்யிது?"

"ஒண்டுமில்ல புள்ள. வாயுவாம்."

புஸ்பம் இருதயத்தைப் பற்றி ஒரு கூட்டத்துக்கும் போனவளல்ல. ஆனால் கண்ணுக்கு முன்னால் இருப்பதைப் பார்க்கத் தெரிந்தவள். யோகராசாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். மணி அடித்தது, துண்டிக்கப்பட்டது. மீண்டும் எடுத்தாள். 'கூட்டத்தில் இருக்கிறேன், பிறகு அழைக்கிறேன்' என்று இயந்திரம் ஒரு செய்தி அனுப்பியது. புஸ்பம் அந்தச் செய்திக்கு ஒரு சொல் சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது. பிறகு, காத்தான்குடியிலிருந்து வந்து சந்தியில் ஓட்டோ நிறுத்தும் முனாப்புக்கு அடித்தாள். அவன் சவாரிக்கு ஏறியிருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டு இறக்கிவிட்டு வந்தான். இருவருமாகக் கேதீஸ்வரியைத் தாங்கி ஏற்றினார்கள்.

பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழி அந்த மண்டபத்தின் முன்னால்தான் போகிறது. கூட்டத்துக்கு வந்தவர்கள் மோட்டார் சைக்கிள்களை வீதி வரைக்கும் நிறுத்தியிருந்ததால் முனாப் வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. வாசலில் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. அதற்குள்ளிருந்து யோகராசாவின் குரல் வீதி முழுவதும் கேட்டது:

"அன்பார்ந்தவர்களே, மாரடைப்பு என்பது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவது மட்டுமல்ல! விசேடமாகப் பெண்களுக்கு, நாடியில், தாடையில் உளைவு வரலாம். முதுகில் நோ வரலாம். களைப்பு வரலாம். குளிர்ந்து வியர்க்கலாம். இதை வாயு என்று அலட்சியம் செய்பவன் மூடன்! ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்!"

கை தட்டினார்கள்.

ஓட்டோவுக்குள் புஸ்பம் கேதீஸ்வரியின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் வேதனை இருந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது. அது என்னவென்று சொல்லப் புஸ்பத்துக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

"அக்கா, நிப்பாட்டவா? ஐயாவக் கூப்பிடவா?" என்று முனாப் திரும்பிக் கேட்டான்.

"நிப்பாட்டாதங்க தம்பி" என்றாள் கேதீஸ்வரி, மூச்சு இழுத்து இழுத்து. "அவர் பேசி முடிக்கட்டும். நீங்க கெதியாப் போங்க."

அவன் ஹோர்னை அழுத்தியபடி போனான். அந்தச் சத்தம் உரையைக் குழப்பியது என்று சிறப்புரையாளர் மேடையில் முகம் சுளித்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மாரடைப்பேதான். இரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்து ஏற்றினார்கள். உரிய நேரத்துக்குள் கொண்டு வந்ததால் ஆள் தப்பினாள் என்று டொக்டர் விதுர்ஷா புஸ்பத்திடம் சொன்னபோது, வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்த முனாப் துவாயால் முகத்தை மூடிக்கொண்டான்.

யோகராசா வந்து சேர்ந்தார். தோளில் பொன்னாடை. பதற்றத்தில் கழற்ற மறந்திருந்தார். அந்த ஒரு மறதிக்காக அவரை மன்னித்து விடலாம். ஆனால் வாய் மறக்கவில்லை. டொக்டரைக் கண்டதும், கட்டி கரைக்கும் மருந்தைவிட மேலானது என்று தான் கேள்விப்பட்ட மூலிகை ஒன்றைப் பற்றித் தொடங்கினார்.

டொக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஐயா, இவக்கு எவ்வளவு காலமா இந்தக் களைப்பு?"

யோகராசா யோசித்தார்.

"பிறசர் இருக்கா? சீனி வருத்தம் இருக்கா? கடைசியா எப்ப பாத்தது?"

எங்கள் ஒழுங்கையில் யாருக்கு எவ்வளவு பிறசர் என்று அவருக்குத் தெரியும். குஞ்சித்தம்பியின் இடுப்புச் சுற்றளவு தெரியும். செத்துப்போனவர்களின் கொலஸ்ட்ரோல்கூடத் தெரியும். இதற்கு மட்டும் அவரிடம் ஒரு பதில்தான் இருந்தது.

"அவக்கு ஒண்டும் இல்ல டொக்டர். அவ வீட்டு வேலையெல்லாம் வடிவாச் செய்வா."

டொக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நான் வேலையக் கேக்கல்ல ஐயா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பிறகு அவரைக் கட்டிலடிக்கு விட்டார்கள். வயர்களுக்கு நடுவில் கேதீஸ்வரி கண்ணை மூடிக் கிடந்தாள். அந்தக் காட்சி அவரைக் கொஞ்சம் உலுக்கியது என்றே நானும் நம்புகிறேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏன் கேதீஸ் எனக்குச் சொல்லல்ல?" என்று கேட்டார்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"சொன்னன்" என்றாள்.

திரும்பவும் மூடிக்கொண்டாள்.

நல்ல கதையென்றால் இந்த இடத்தில் மனிதர் திருந்துவார். இது நடந்த கதை. கேதீஸ்வரி வீட்டுக்கு வந்தாள். பாரம் தூக்கக் கூடாது, மருந்தைத் தவறவிடக் கூடாது, மெல்ல மெல்ல நடந்து பழக வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் அவற்றை அப்படியே செய்தாள். யாருக்கும் விளக்கம் கொடுக்கவில்லை. காலையில் புஸ்பத்தோடு வாவிக்கரையில் நடக்கிறாள். களைத்தால் இருந்து, தண்ணீரைப் பார்த்துவிட்டு, எழும்பி வருகிறாள். தனக்கென்று ஒரு கோப்பையில் சோறு போட்டு, கதிரையில் இருந்து சாப்பிடுகிறாள். அவருடைய சமையலை அவரிடமே ஒப்படைத்துவிட்டாள்.

யோகராசா முதல் நாள் உள்ளி இடித்தார். கையில் கொப்புளம் போட்டது. உள்ளி அவ்வளவு அவசியமில்லை என்று ஒரு புதிய ஆய்வு சொல்வதாக அடுத்த நாள் அறிவித்தார். வல்லாரையை ஆய்ந்து அரிந்தார்; அதைப் பற்றியும் விரைவிலேயே ஓர் ஆய்வு வந்தது. குரக்கன் பிட்டு அவித்த அன்று கிடைத்தது பிட்டும் அல்ல, களியும் அல்ல. மிக்சியில் அரைத்தால் சத்து எங்கும் போகாது என்பதை இப்போது விஞ்ஞானம் முடிவாக நிரூபித்துவிட்டது.

வாய் மட்டும் ஓயவில்லை. போன கிழமை கோயில் வாசலில் ஒரு சிறு கூட்டத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார்: "என்ட பொஞ்சாதிக்கு வந்தது எல்லாருக்கும் தெரியும். ஏன் உசிர் தப்பினவ? அறிகுறி இன்னது எண்டு எனக்குத் தெரியும். அந்த அறிவுதான் காப்பாத்தினது."

அர்ச்சனைத் தட்டோடு வெளியே வந்த கேதீஸ்வரி சற்று நின்றாள்.

"ஓம்" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "அவர் அறிகுறியெல்லாம் வடிவாச் சொன்னவர். நானும் கேட்டன். ஓட்டோக்குள்ள இருந்து."

சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள். கூட்டம் அவள் போன திசையைப் பார்த்தது. யோகராசாவா? அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சீனியின் தீமைகளுக்குப் போனார்.

சிரிக்கிறீர்கள், வாசகரே. நீங்கள் வெள்ளைச் சப்பாத்துப் போடாதவர், அடுத்தவர் இலையைப் பார்க்காதவர், மேடையில் ஏறாதவர். ஆகவே இந்த மனிதருக்கும் உங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நல்லது. எனக்காக ஒரு சின்னக் காரியம் மட்டும் செய்யுங்கள். இதை மூடி வைத்துவிட்டு உள்ளே போய், அங்கே வேலையாக நிற்பவரிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். "ஒண்டுமில்ல" என்றுதான் பதில் வரும். முதலில் எல்லோரும் சொல்வது அதைத்தான். அதைக் கேட்டதும் 'அப்பாடா' என்று இருந்து, போன காலோடு திரும்பி வந்து உட்கார்ந்தீர்களென்றால், எழும்ப வேண்டாம். யோகராசாவுக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருக்கிறீர்கள்.