நக்லி அங்கிளின் எட்டணா

நல்ல காசைக் கண்டால் முகம் சுளித்து, கள்ளக்காசைக் கண்டால் எழுந்து நின்று வரவேற்கிற மனிதர் பெங்களூரிலேயே ஒருவர்தான் உண்டு. லிங்கராஜபுரத்தில் நான் ஆறு வருடம் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். அவர் கீழே, நான் மாடியில். ஏரியாவில் அவருக்கு நக்லி அங்கிள் என்று பெயர். பக்கத்துத் தெரு பாய் ஒருவர் வைத்தது. அவர்கள் பேச்சில் நக்லி என்றால் போலி. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் கரண்ட் பில்லைப் பார்த்தால்தான் தெரியும்.

அங்கிள் ஒரு தொழிற்சாலையில், இரும்பில் அச்சு செதுக்கும் டூல் ரூமில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதனாலோ என்னவோ, கள்ளக்காசு அடித்தவன் கைவேலை மேல் அவருக்கு அப்படி ஒரு மயக்கம். ஈயத்தில் வார்த்த நாலணா, மேலே வெள்ளி பூசி உள்ளே செம்பை ஒளித்து வைத்த ராணி தலை ரூபாய் என்று பழைய கள்ளக்காசாகத் தேடிப் பிடித்து ஆல்பம் ஆல்பமாக அடுக்கியிருந்தார். நிபந்தனை ஒன்றுதான். அந்தக் காசு ஒரு காலத்தில் நல்ல காசாக நடமாடி, ஒருவரையாவது ஏமாற்றியிருக்க வேண்டும். ஒவ்வொரு காசுக்குக் கீழேயும் ஒரு சீட்டு இருக்கும். அதில் மூன்று வரி: உலோகம், புழங்கிய இடம், ஏமாந்தவர்.

ஏமாந்தவர் பெயர் கிடைக்காமல் எந்தக் காசும் ஆல்பத்தில் ஏறாது. அந்தப் பெயருக்காக அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. சிவாஜி நகரில் ஒரு பழைய நகைக்கடைக்குப் போய், உங்கள் குடும்பத்தில் கடைசியாக ஏமாந்தது யார் என்று மரியாதையாகக் கேட்டார். அவர்களும் மரியாதையாகவே வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள்.

ஒருமுறை பஸ்ஸில் சில்லறையோடு ஒரு கள்ள ஐந்து ரூபாய் வந்துவிட்டது. நீங்களும் நானும் என்றால் கண்டக்டரோடு சண்டைக்குப் போயிருப்போம். அங்கிள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்கள் நல்ல பெயர் என்ன, இதை எந்த ஸ்டாப்பில் வாங்கினீர்கள் என்று நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். கண்டக்டர் இவரை செக்கிங் இன்ஸ்பெக்டர் என்று நினைத்து நடுங்கிப் போனார். பெயர் சொல்லாமலே டிக்கெட் காசையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கள்ளக்காசுக்கு அதன் முக மதிப்பை அப்படியே கொடுத்து வாங்குகிறார் என்ற சேதி பரவியதும் ஏரியாவே விழித்துக்கொண்டது. எங்கள் தெருமுனை ஆட்டோக்காரர் ஒரு தகரத் துண்டைத் தட்டித் தேய்த்து, பாட்டன் காலத்து ரூபாய் என்று கொண்டுவந்து நீட்டினார். அங்கிள் அதை மோந்து பார்த்தார்.

"இது நேத்து பொறந்ததுப்பா. இன்னும் யாரையும் ஏமாத்தல. என்னை ஏமாத்தலாம்னு வந்துச்சு, அதுவும் முடியல. இதுக்கு என்னா மரியாதை குடுக்கறது?"

இப்படிப்பட்ட மனிதரின் முதல் ஆல்பத்தில், முதல் பக்கத்தில் ஒரு எட்டணா இருந்தது. அச்சு ஒரு ஓரமாக ஒதுங்கி, மறு ஓரம் மொட்டையாக இருக்கும் எட்டணா. வீட்டுக்கு யார் வந்தாலும் அதைக் காட்டாமல் அனுப்பமாட்டார். காட்டிவிட்டு, அடுக்களைப் பக்கம் கையை நீட்டி, "இதைக் குடுத்து என்னை ஏமாத்தினவங்க உள்ள காபி போடறாங்க" என்பார்.

உள்ளே காபி போடுகிறவர் அவர் மனைவி ஸ்டெல்லா ஆன்ட்டி. நாற்பது வருடத்துக்கு முன்னால் பிரேசர் டவுனில் ஆன்ட்டியின் அப்பா பேக்கரி வைத்திருந்தார். கல்லாவில் ஆன்ட்டி. பன் வாங்கிய அங்கிளுக்கு மிச்சச் சில்லறையில் இந்த எட்டணா போனது. மறுநாள் சாயங்காலம், இது கள்ளக்காசு என்று சண்டை போட வந்தார். எங்கள் கடையில் கள்ளக்காசே நுழையாது என்று ஆன்ட்டி அடித்துச் சொன்னார். அதற்கடுத்த நாளும் வந்தார். ஏழு மாதம் விடாமல் வந்தார். தொல்லை தாங்காமல் அப்பா வேறு எட்டணாவை எடுத்து நீட்டியபோது, காசு வேண்டாம், பெண்ணைக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டார்.

கல்யாணம் ஆகியும் ஆன்ட்டிக்கு அந்தப் பழி போகவில்லை. வருகிறவர்கள் முன்னால் எல்லாம் தன்னை ஏமாற்றுக்காரி ஆக்குகிறாரே என்று அவருக்கு உண்மையாகவே வருத்தம். "அது நல்ல காசு தம்பி, எங்கப்பா மேல சத்தியமா நல்ல காசு" என்று என்னிடம் நூறு முறையாவது சொல்லியிருப்பார். இன்னொரு குறையும் உண்டு. அந்தச் சீட்டில், ஏமாந்தவர் என்ற இடத்தில் அங்கிள் தன் பெயரை எழுதாமல் ஸ்டெல்லா என்று எழுதி வைத்திருந்தார். கேட்டால், லேத்து முன்னால் நின்றவனுக்கு எழுத்து வேலை எப்படி வரும் என்று மழுப்புவார்.

நாணயம் சேர்ப்பவர்களின் கிளப் ஒன்று வருடாவருடம் கண்காட்சி நடத்தும். கள்ளக்காசுக்கெல்லாம் மேஜை கிடையாது என்று பல வருடமாக அங்கிளைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு வருடம் மனம் இளகி, செயலாளர் நேரில் வந்து பார்த்துச் சரி என்றால் மேஜை தருவதாகச் சொன்னார்கள். அங்கிளுக்குத் தலைகால் புரியவில்லை. போனிலேயே சவால் விட்டார்: "என் ஆல்பத்துல ஒரு நல்ல காசு கண்டுபிடிங்க சார். மொத்தத்தையும் அன்னிக்கே பழைய இரும்புக் கடையில போட்டுடறேன்."

அடுக்களையில் பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றது. ஆன்ட்டி காதில் விழுந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு செயலாளர் வந்தார். லென்ஸ், குட்டித் தராசு சகிதம் உட்கார்ந்தார். நான் வேடிக்கை பார்க்க மாடியிலிருந்து இறங்கி வந்தேன். அங்கிள் இரண்டாவது ஆல்பத்திலிருந்து ஆரம்பித்தார். மூன்று, நான்கு என்று போய், முதல் ஆல்பத்தை மட்டும் மடியிலேயே வைத்துக்கொண்டு, இதில் விசேஷமாக ஒன்றுமில்லை என்றார். நாற்பது வருடம் ஊரெல்லாம் காட்டிய பக்கத்தை அன்றைக்கு மறைத்தார்.

ஆன்ட்டி வந்து அதை அவர் மடியிலிருந்து உருவி மேஜையில் வைத்தார். "மொதப் பக்கத்தைப் பாருங்க சார்."

செயலாளர் பார்த்தார். எடை போட்டார். ஓரத்தைப் பார்த்தார். "இது நல்ல காசு சார். அச்சடிக்கும்போது தகடு நகர்ந்திருக்கு, அவ்ளோதான். டூல் ரூம்ல இருந்தவரு நீங்க, உங்களுக்குத் தெரியாததா?"

அவர் வெகுளியாகத்தான் கேட்டார். அங்கிள் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆன்ட்டியைப் பார்த்தேன். நாற்பது வருட வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது, இனி அங்கிள் தொலைந்தார் என்று நினைத்தேன். பழைய இரும்புக் கடை வேறு அடுத்த தெருவிலேயே இருக்கிறது.

ஆன்ட்டி அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏமாந்தவர்: ஸ்டெல்லா. ஒருமுறை படித்தார். அங்கிளை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி படித்தார். முதல் நாளே இவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஏழு மாதச் சண்டை காசுக்காக அல்ல.

பிறகு ஆன்ட்டி செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். எட்டணாவை எடுத்து, கெட்டியான மேஜை விரிப்பின் மேல் போட்டார். நல்ல காசு என்றால் கணீரென்று ஒலிக்க வேண்டும்; ஆனால் விரிப்பின் மேல் எந்தக் காசைப் போட்டாலும் டொக்கென்றுதான் கேட்கும்.

"சத்தத்தைக் கேட்டீங்களா சார்? கள்ளக்காசுதான். குடுத்தவ நான். எனக்குத் தெரியாதா?"

செயலாளர் வாயைத் திறந்தார். ஆன்ட்டி அதற்குள் கேக் தட்டை நீட்டிவிட்டார். பேக்கரி வீட்டுக் கேக். இரண்டாவது துண்டு முடிவதற்குள் அவருக்கும் அது கள்ளக்காசாகவே தெரிய ஆரம்பித்தது. அங்கிளுக்கு மேஜை கிடைத்தது. கண்காட்சியில் முதல் ஆல்பத்துக்குப் பக்கத்தில் ஆன்ட்டிதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர்களுக்கெல்லாம், நான்தான் இவரை ஏமாற்றினேன் என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் இப்போது தொம்மலூரில் இருக்கிறேன். காசைக் கையால் தொட்டே மாதக்கணக்காகிறது. எல்லாம் போனிலேயே முடிந்துவிடுகிறது. ஆனாலும் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்து ரூபாய் நாணயத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி லிங்கராஜபுரம் போனேன். கடைக்காரர் வாங்கமாட்டேன் என்கிறார் அங்கிள், கொஞ்சம் பாருங்கள் என்று நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். லென்ஸைக்கூட எடுக்கவில்லை.

"இது நல்ல காசாச்சே தம்பி."

தெரிந்துதான் கொண்டுபோனேன். அதற்குள் ஆன்ட்டி உள்ளே காபிக்குப் பால் வைத்துவிட்டார்.