தளர்த்தும் உத்தரவு

அனைத்துச் சான்றிதழ் அலுவலகத்தின் தி. நகர் கிளையில் மாற்றுத்திறனாளிகள் பிரிவு, பொதுமக்கள் நலன் கருதி, இரண்டாவது மாடியில் இயங்கிவந்தது. வாசலில் சாய்தளம் உண்டு. அது மூன்றாவது படியோடு முடிந்துவிடும். அதற்கு மேல் நம்பிக்கைதான்.

ஃபிர்தௌஸை ஒன்பது மணிக்கே இரண்டு ஆட்டோக்காரர்கள் நாற்காலியோடு மேலே தூக்கிவந்து வைத்தார்கள். இருபத்தாறு வயது. பிறந்தபோது மூளையில் ஏற்பட்ட காயத்தால் இரண்டு கால்களிலும் வலது கையிலும் இறுக்கம். அடையாறில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை கிடைத்திருந்தது. இன்று மாலை ஐந்துக்குள் புதுப்பித்த சான்றிதழை அனுப்பினால் வேலை அவளுக்கு. இல்லையென்றால் பட்டியலில் அடுத்தவருக்கு. சான்றிதழுக்குக் குறைந்தது நாற்பது சதவீதக் குறைபாடு வேண்டும்.

மூன்று மணிக்கு டாக்டர் ஸஹானா வந்து அவள் முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"முப்பத்தெட்டு."

அதிகாரி ஸ்ரீவத்சன் நிமிர்ந்தார். அவர் சட்டையில் ஊதா நிற பேட்ஜ்: 'நான் உணர்கிறேன்.' நட்சத்திர ஓட்டலில் இரண்டு நாள் நடந்த விழிப்புணர்வுப் பயிலரங்கில் கொடுத்தது.

"குறைஞ்சிருக்கே! வாழ்த்துகள்மா."

"இன்னா சார் வாழ்த்து?" என்றாள் அம்மா ஹாஜிரா பீ. "போன தபா நாப்பத்தாறு போட்டீங்க. வேலை போய்டும் சார்."

"ஆறு மணி நேரமா அசையாம உக்காந்திருக்காங்க, இப்போ உடம்பு தளர்ந்திருக்கு," என்றார் டாக்டர். "தசையில கோளாறு இல்ல சார். 'இறுகு'ங்கிற உத்தரவு நரம்பு வழியா வந்துடுது. 'போதும், விடு'ன்னு மூளை அனுப்புறதுதான் சரியா வந்து சேர்றதில்ல. பதற்றம், திடீர்ச் சத்தம்னா இன்னும் இறுகும்."

"அதாவது, காக்கவெச்சே நாங்க குணப்படுத்தியிருக்கோம்." ஆண்டறிக்கைக்காக அதைக் குறித்துக்கொண்டார் ஸ்ரீவத்சன்.

பிறகு அவருக்குக் கருணை பிறந்தது. தம்முடைய காலி டிபன் கேரியரை எடுத்துப்போய், ஃபிர்தௌஸின் முதுகுக்குப் பின்னால் நின்று, தரையில் போட்டார். டமார்! அவள் கை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. முழங்கால்கள் இரண்டும் மோதிக்கொண்டன. டாக்டர் மறுபடி அளந்தார். நாற்பத்தாறு. கையொப்பமிட்டுவிட்டு அடுத்த கிளைக்குக் கிளம்பினார்.

"வலது கட்டைவிரல் ரேகை வைங்கம்மா," என்றார் ஸ்ரீவத்சன்.

கட்டைவிரல் மூடிய கைக்குள் இருந்தது.

"திறங்க."

கை இன்னும் இறுகியது.

"சீக்கிரம் திறங்கம்மா!"

"சார், நீங்க கேக்கக் கேக்கத்தான் இறுகுது," என்றாள் ஃபிர்தௌஸ். "யாரும் பாக்காம விட்டீங்கன்னா தானா விடும்."

தளர்ந்தால் தகுதி இல்லை. இறுகினால் ரேகை இல்லை. இத்தகைய சிக்கலைக் கீழ்மட்டத்தில் தீர்ப்பது மரபல்ல என்பதால், ஸ்ரீவத்சன் தேனாம்பேட்டைத் தலைமை அலுவலகத்துக்கு போன் போட்டார். அரை மணி நேர ஆலோசனைக்குப் பின் உத்தரவு வந்தது: ரேகை பதியும் பொருட்டு, கூடத்தில் உள்ள அனைவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கவும். மீண்டும் திரும்புவது குறித்துத் தனி உத்தரவு பிறப்பிக்கப்படும்.

ஊழியர்கள் திரும்பினார்கள். பொதுமக்களைப் பார்க்காமல் இருப்பதில் நெடுநாள் பயிற்சி உள்ளவர்கள், சிரமமில்லை. சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் வரிசையில் நின்ற முப்பது பேரும் திரும்பினார்கள். தெருவில் அவளைக் கண்டால் வழக்கமாகச் செய்வதுதான், அவர்களுக்கும் சிரமமில்லை.

ஃபிர்தௌஸ் நூலகத்தை நினைத்துக்கொண்டாள். ஜன்னலோர மேசை ஒன்றைப் பார்த்துவைத்திருந்தாள். கட்டைவிரல் மெல்ல வெளியே வந்தது. ரேகைக் கருவியில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. சான்றிதழ் அச்சாகி மேசைமேல் விழுந்தது. மணி நாலே முக்கால்.

"முடிஞ்சுது சார். திரும்பிக் கையெழுத்துப் போடுங்க."

"நீங்க சொன்னா ஆகாதும்மா," என்றார் ஸ்ரீவத்சன், சுவரிடம். "மேலேருந்து வரணும்."

"போன் பண்ணிக் கேளுங்க சார்."

"போன் மேசைமேல இருக்கு. மேசை பின்னாடி இருக்கு."

ஹாஜிரா பீ போனை எடுத்து அழைத்து அவர் காதில் வைத்தாள். தேனாம்பேட்டை வேறொரு அழைப்பில் இருந்தது. மறுபடியும். மறுபடியும்.

"யா அல்லா! கழுத்து உன்னுதுதானே சார்?"

"கழுத்து என்னுதும்மா. உத்தரவு அவங்களுது."

ஃபிர்தௌஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் கையும் இதையேதான் சார் சொல்லுது. அதுக்காவது பொறந்தப்பவே மூளையில அடிபட்டுது."

ஐந்து மணி அடித்தது. எந்த உத்தரவும் வரவில்லை. ஆனால் ஊழியர்கள் அனைவரும் ஒரே நொடியில் திரும்பினார்கள், பைகளை மாட்டிக்கொண்டார்கள். ஸ்ரீவத்சன் குனிந்து, நசுங்கிய டிபன் கேரியரை எடுத்துக்கொண்டார்.

"கையெழுத்து, சார்?"

"அஞ்சுக்கு மேல போட்டா செல்லாதும்மா. நாளைக்கு வாங்க. ரேகை புதுசா வைக்கணும்."

சொல்லி முடிப்பதற்குள் ஃபிர்தௌஸின் கட்டைவிரல் உள்ளே போய்விட்டது.

வருமானச் சான்றிதழுக்கு நின்றவர் சலித்துக்கொண்டார். "ஒரு ஆளால எங்க எல்லாருக்கும் நாள் போச்சு."

அவளைப் பார்த்து அல்ல. அவர் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.