தொட்டி மாறாத குட்டிகள்

தாய்ப்பால் மறந்த எட்டு வெண்பன்றிக் குட்டிகளை முன்னால் நிறுத்தி, வெள்ளக்கடை மலையூர்ச் செங்கோடன், தன் பெண்டாட்டி காவேரியிடம் பந்தயம் கட்டினான். ஒரே எடைக்குப் பிரித்து ஆளுக்கு நாலு குட்டி, ஆளுக்கொரு பட்டி. அவன் குட்டிகளுக்கு சேலத்தில் வாங்கிய சத்துப் பவுடர். அவள் குட்டிகளுக்கு வெறும் ராகிக்கூழ். மாசக் கடைசியில் யார் குட்டிகள் எடை குறைவோ, அவர் பொங்கல் வரைக்கும் பட்டி கழுவ வேண்டும்.

"கூழு குடிச்சு எந்தக் குட்டி கொழுத்துச்சு? இது விஞ்ஞானம் புள்ள!"

"சரிங்க. இந்தப் பனியில நீங்க எதுக்கு எந்திரிக்கோணும்? ரெண்டு தொட்டிக்கும் நானே கலக்கி ஊத்தறேன். தூங்குங்க."

ஆஹா, என்ன குணம்! செங்கோடன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டான். பகலெல்லாம் டீக்கடையில் பவுடர் புராணம். பட்டிப் பக்கம் எட்டிப் பார்த்தது மாசக் கடைசியில்தான். காவேரியின் குட்டிகள் உருண்டு திரண்டு நின்றன. அவனுடையவை எல்லாம் நோஞ்சான்.

எடை போடும் காலையில், அவள் தண்ணிக்குப் போன நேரம் பார்த்து, அங்கிருந்ததிலேயே கொழுத்த ரெண்டைத் தன் பட்டியில் தூக்கிப் போட்டான். இங்கிருந்ததிலேயே படு நோஞ்சான் ரெண்டு அங்கே போயின. கை கூசத்தான் செய்தது. டீக்கடையை நினைத்தால் அதைவிடக் கூசியது.

பக்கத்து வீட்டு செபாஸ்டின் காப்பி மூட்டை நிறுக்கும் தராசோடு வந்தார். பின்னாலேயே டீக்கடைக் கூட்டமும் வந்தது. நிறுத்தால், செங்கோடன் பட்டி ஆறு கிலோ கூடுதல்!

"பாத்தியா? பவுடரு!"

"நொம்ப சந்தோசமுங்க. பாவம், பசியில கத்துதுக. ரெண்டு பட்டியும் தொறந்து உடுங்க."

காவேரி ரெண்டு தொட்டியையும் நிரப்பி வாசலில் வைத்திருந்தாள். பழகிய தொட்டியை எந்தக் குட்டி விடும்? திறந்ததுதான் தாமதம், அவன் பட்டியிலிருந்த கொழுத்த ரெண்டும் நேராக அவள் தொட்டிக்கு ஓடின. அவள் பட்டியிலிருந்த நோஞ்சான் ரெண்டும் அவன் தொட்டிக்கு வந்து, அவன் காலையே முட்டின.

செபாஸ்டின் இருமினார். கூட்டம் வாய்விட்டே சிரித்தது. செங்கோடனுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

"மாத்துனது நாந்தான்," என்றான் தரையைப் பார்த்து. "வெக்கமா இருக்குது காவேரி. உன்ற கூழுதான் ஒசத்தி. அந்தப் பவுடரு வெறும் மண்ணு."

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க!" காவேரி விளக்குமாற்றை அவன் கையில் கொடுத்தாள். "நொம்ப நல்ல பவுடருங்க. மொத நாள்ல இருந்து என்ற குட்டிகளுக்குத்தானே போட்டேன்."